ஸ்டீவ் புளூமர்: அந்தக் காலத்து கோல் மலிவா?

வாசகர் ஒருவர், பிப்ரவரி 8

அண்ணே, 1900 வாக்கில் கால்பந்து ஆடியவர்களின் கோல் கணக்கை இன்றைய ஆட்களோடு சேர்த்து வைத்துப் பேசுவது நியாயமே இல்லை. ஸ்டீவ் புளூமர் இங்கிலாந்து லீக்கில் 352 கோல், இங்கிலாந்து அணிக்கு 23 ஆட்டத்தில் 28 கோல் என்கிறார்கள். டிஃபென்ஸ் என்றே ஒன்று இல்லாத காலம் அது. முன்னால் ஓடிப் போய் நின்று தட்டிவிட்டிருப்பார். போதாததற்கு தன் கிளப்பான டெர்பிக்கு ஒரு எஃப்.ஏ. கோப்பைகூட (இங்கிலாந்து கிளப்புகளின் தேசியக் கோப்பை) வாங்கிக் கொடுக்கவில்லை. இவரை எதற்கு இப்படித் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறோம்?

என் பதில், பிப்ரவரி 8, இரவு

கோப்பையை அப்புறம் பார்ப்போம். "முன்னால் ஓடிப் போய்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள் பாருங்கள், வழக்கே அங்கேதான் இருக்கிறது.

புளூமர் டெர்பி கவுன்டிக்கு முதன்முதலில் இறங்கியது 1892 செப்டம்பரில். கடைசியாக ஆடியது 1914 ஜனவரியில், நாற்பது வயதில். அவர் ஆடிய காலம் முழுக்க ஆஃப்சைடு சட்டம் (கோலுக்குப் பக்கத்தில் முன்னாலேயே போய் நிற்கிறவருக்குப் பந்து கொடுக்கக் கூடாது என்பது) இன்று இருப்பதுபோல் இல்லை. இன்று பந்து காலை விட்டுக் கிளம்பும்போது நமக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் எதிரணியில் இரண்டு பேர் இருந்தால் போதும், பெரும்பாலும் கீப்பர் ஒருவர், கடைசி பேக் (தடுப்பு ஆட்டக்காரர்) ஒருவர். அன்று மூன்று பேர் வேண்டும். அதாவது கீப்பர் போக இரண்டு பேக்குகளும் உங்களுக்கும் கோலுக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். அதில் ஒரு பேக் சட்டென்று நாலடி முன்னே ஏறி வந்துவிட்டால் கதை முடிந்தது, இன்னொரு பேக் பின்னால் காவலுக்கு நிற்கும்போதே நீங்கள் ஆஃப்சைடு. ஏறி வந்தவர் கணக்குத் தவறிவிட்டாலும் பின்னால் ஆள் இருக்கிறது. டிஃபென்ஸுக்கு இதைவிடச் சுகமான சட்டம் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. 1907 வரை தன் பாதியில் நிற்கிறவனுக்கும் ஆஃப்சைடு கொடுக்கலாம். மைதானம் முழுக்க எங்கே நின்றாலும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

பிப்ரவரி 9

அந்தச் சட்டம் எவ்வளவு கடினம் என்று கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 1925 கோடையில் மூன்றை இரண்டாக்கினார்கள். அதற்கு முந்தைய சீசனில் லீக்கின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் விழுந்த கோல் மொத்தம் 1,192. அடுத்த சீசனில், அதே எண்ணிக்கையில் 22 அணிகள், 462 ஆட்டங்கள், 1,703 கோல். ஒரே ஒரு வரியை மாற்றியதற்கு 511 கோல் கூடிவிட்டது. 1927-28 சீசனில் எவர்டனின் டிக்ஸி டீன் அடித்த 60 கோலைப் பற்றி எல்லோரும் பேசுவோம். அது இந்தப் புதிய சட்டத்தில் அடித்தது. டீனைக் குறை சொல்ல வரவில்லை, அவர் ஒரு மகா ஆட்டக்காரர். ஆனால் புளூமரின் 352-இல் ஒன்றுகூட அந்த வசதியில் வந்ததல்ல.

அந்த 352 என்ற லீக் கணக்கைத் தாண்ட டீனுக்கே 1936 வரை ஆனது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பிப்ரவரி 9, பின்னிரவு

மதுரைக்காரர் ஒருவர் சரியான இடத்தில் மடக்கியிருக்கிறார். "ஆஃப்சைடை வைத்துப் பொறி போடுவது பிற்பாடு வந்த கலை, நியூகாசில் பேக் பில் மெக்ராக்கன் போன்றவர்கள் 1910-ஐ ஒட்டித்தான் அதைப் பிழைப்பாகவே செய்தார்கள், 1890-களில் ஒன்பதுக்கு பூஜ்யம் என்றெல்லாம் ஸ்கோர் இருக்கிறதே" என்கிறார். ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம். 1899 ஜனவரியில் டெர்பி ஷெஃபீல்டு வெட்னஸ்டேயை 9-0 என்று அடித்தது, அதில் ஆறு கோல் புளூமருடையது. 1896-இல் கார்டிஃபில் இங்கிலாந்து வேல்ஸை 9-1 என்று நொறுக்கியது, அதில் அவர் ஐந்து. இப்படிப்பட்ட ஆட்டங்கள் அந்தக் காலத்தில்தான் நடக்கும்.

கீப்பர் சமாச்சாரமும் ஃபார்வர்டுக்குச் சாதகம்தான். பந்தைக் கையில் வைத்திருக்கும் கீப்பரைத் தோளால் இடித்துத் தள்ளலாம், பந்தோடு அவர் கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தால் கோல். (ஷெஃபீல்டு யுனைடெட்டின் வில்லியம் ஃபோக்கை இடிக்கப் போனவர்களின் கதி வேறு. ஆறு அடிக்கு மேல் உயரம், கடைசிக் காலத்தில் எடை 130 கிலோவைத் தாண்டியது. இடித்தவன்தான் விழுவான்.)

ஆனால் ஒரு ஆளை அளக்க அவன் கூட ஆடியவர்களைத்தானே பக்கத்தில் நிறுத்த வேண்டும்? அதே சட்டம், அதே கீப்பர்கள், அதே 9-0 ஆட்டங்கள் மற்ற ஃபார்வர்டுகளுக்கும் இருந்தன. அவர்களில் எவரும் அவர் பக்கத்தில்கூட வரவில்லை. 1895-96 முதல் 1903-04 வரைக்குள் ஐந்து சீசன்களில் முதல் டிவிஷனின் அதிக கோல் அவருடையது, முதல் தடவை மட்டும் இன்னொருவரோடு பங்கு. இத்தனைக்கும் அவர் சென்டர் ஃபார்வர்டு இல்லை, இன்சைட் ரைட், அதாவது நடு ஃபார்வர்டுக்கு வலப்பக்கம் ஆடுகிறவர். நடுவில் நிற்பவருக்குப் பந்து சேர்ப்பதும் அவர் வேலைதான். டெர்பியும் அப்போது லீக்கை ஜெயித்த அணி இல்லை. கோல் மலிவாகக் கிடைத்தது என்றால் மற்றவர்கள் ஏன் வாங்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

பிப்ரவரி 11

பந்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நானே சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பந்தை நான் தொட்டிருக்கிறேன்.

குமரிக் கடலோரத்தில் நான் சின்னப் பையனாய் ஆடத் தொடங்கியபோது எங்கள் கிளப்பில் லேஸ் வைத்த தோல் பந்து ஒன்று மிச்சம் இருந்தது. வரிவரியாகத் தோல் பட்டை வைத்துத் தைத்தது. உள்ளே ரப்பர் பிளாடர், அதற்கு விரல் நீளத்தில் ஒரு கழுத்து. காற்றடித்து, கழுத்தை மடக்கி நூலால் இறுகக் கட்டி, அதைப் பந்துக்குள் திணித்து, மேலே தோல் நாக்கை விரித்து, செருப்புக்குப் போடுவதுபோல லேஸைக் கோத்து இழுக்க வேண்டும். எவ்வளவு நன்றாக இழுத்தாலும் அந்த இடம் மட்டும் தடித்து நிற்கும். ஹெடர் அடிக்கும்போது லேஸ் நெற்றியில் பட்டால் தோல் கிழியும், அதனால் பந்து சுற்றி வரும்போது லேஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தலையைக் கொடுப்போம். கோடை மணலில் பரவாயில்லை. மழை நாளில் தோல் தண்ணீர் குடிக்கக் குடிக்க, இரண்டாம் பாதியில் உதைத்தால் கால் எலும்பு வரை அதிரும். ஆட்டம் முடிந்ததும் நிழலில் காயவைத்து எண்ணெய் தடவ வேண்டும், இல்லையென்றால் அடுத்த வாரம் மரக்கட்டையாகிவிடும்.

சட்டப்படி அன்றைய பந்தின் எடை 13 முதல் 15 அவுன்ஸ், கிராமில் சொன்னால் சுமார் 370 முதல் 425. இன்றைய பந்தைவிடக் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அது ஆட்டம் தொடங்கும்போது இருக்கும் எடை. இங்கிலாந்தில் லீக் நடப்பதோ செப்டம்பரில் இருந்து ஏப்ரல் வரை, மழையும் சேறும் பனியும். புளூமரோ ஒல்லியானவர், முகம் வெளிறி நோயாளிபோல இருப்பாராம், "பேல்ஃபேஸ்" என்று பட்டப்பெயரே உண்டு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்தப் பந்தை, நின்று நிதானிக்காமல், வந்த வேகத்திலேயே இரண்டு காலாலும் அடித்தார். ஊறிய பந்தை நிறுத்திவிட்டு அடிப்பதே பெரும்பாடு, ஓடி வருகிற பந்தை அப்படியே திருப்பி அடிப்பதற்கு நேரக் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிப்ரவரி 11, கொஞ்சம் கழித்து

விட்டுப்போனது: மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே அன்று கிடையாது. லீக்கில் அது வந்தது 1965-இல். காலில் அடிபட்டால் விங்கில் போய் நொண்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இந்த நிலைமையில் லீக்கில் மட்டும் 600-ஐ ஒட்டிய ஆட்டங்கள்.

பிப்ரவரி 13

சர்வதேசக் கணக்கைப் பற்றி நாலைந்து பேர். "28 கோலும் ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து மூவருக்கு எதிராகத்தானே" என்பது எல்லோருடைய வாதமும். உண்மை. இங்கிலாந்து முழு அணி ஐரோப்பியக் கண்டத்துக்கு முதன்முதலில் போனது 1908-இல், புளூமரின் கடைசி சர்வதேச ஆட்டம் 1907 ஏப்ரலில். அவருக்கு வேறு எதிரணியே கிடைக்கவில்லை.

ஆனால் இதை இளக்காரமாகச் சொல்லக் கூடாது. ஸ்காட்லாந்து என்பது அன்று உலகத்திலேயே நன்றாகப் பாஸ் ஆடிய நாடு, இங்கிலாந்து கிளப்புகள் எல்லாம் ஸ்காட்லாந்து ஆட்களைத் தேடித் தேடிக் கூட்டி வந்த காலம். அந்த 1907 கடைசி ஆட்டமே ஸ்காட்லாந்தோடு நியூகாசிலில் 1-1, இங்கிலாந்தின் கோல் அவருடையது, வயது 33. 1895-இல் அயர்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டத்தில் இரண்டு கோல், அதில் இருந்து தொடர்ந்து பத்து சர்வதேச ஆட்டங்களிலும் கோல். வருடத்துக்கு மூன்று ஆட்டம்தான் மொத்தமே நடக்கும் என்பதையும் யோசியுங்கள். இன்று போல வருடம் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் கிடைத்தால் ஒரு ஆட்டத்தில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கலாம். மார்ச்சில் காய்ச்சல் வந்தால் அவருக்கு அந்த வருடமே போச்சு.

பிப்ரவரி 14

சம்பளம் பற்றித் தூத்துக்குடி அண்ணாச்சி கேட்டிருந்தார். இது எனக்குக் கோபம் வரும் பகுதி.

கொல்லுப்பட்டறையில் சம்மட்டி அடிக்கும் வேலையில் இருந்த பையன் அவர். பிறந்தது வூஸ்டர்ஷயரில் கிராட்லியில், 1874. சின்ன வயதிலேயே குடும்பம் டெர்பிக்கு வந்துவிட்டது. டெர்பி கவுன்டி அவரை எடுத்தபோது வாரத்துக்கு ஏழரை ஷில்லிங், அரைப் பவுண்டுகூட இல்லை. 1901-இல் உச்ச வரம்பு வந்தது: இங்கிலாந்தில் எந்த ஆட்டக்காரருக்கும் வாரம் நாலு பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. நாட்டிலேயே அதிக கோல் அடிக்கிறவனுக்கும் நாலு பவுண்டு, ரிசர்வ் அணியில் பேருக்கு ஆடுகிறவனுக்கும் அதிகபட்சம் அதே நாலு பவுண்டு. சாதாரண கைத்தொழிலாளியைவிட நல்ல கூலிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் வாசலில் இருபதாயிரம் பேர் காசு கொடுத்து உள்ளே வருகிறார்களே, அந்தப் பணம் யாரைப் பார்க்க வந்தது?

இதைவிட மோசம் பதிவு முறை. ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில். ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் விடாவிட்டால் லீக்கில் வேறெங்கும் ஆட முடியாது. கிளப் விற்க நினைத்தால் விற்கலாம், பணம் கிளப்புக்கு. இது எனக்குப் புத்தகச் செய்தி மட்டும் இல்லை. மாவட்ட லீக்கில் ஆடும்போது பக்கத்து ஊர் அணி என்னைக் கூப்பிட்டது, அங்கே போனால் ஒரு வேலைக்கும் வழி இருந்தது. எங்கள் கிளப் செயலாளர் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) கொடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. அந்த சீசன் முழுக்க கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தேன், வேலையும் போயிற்று. அது எங்கள் ஊர் அளவில் நடந்தது. இங்கிலாந்தில் இதே முறையில் எத்தனை தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிழைப்பு அறுபது எழுபது வருடம் கட்டிப் போடப்பட்டது என்று நினைத்தால் ஆறவில்லை. சம்பள உச்ச வரம்பு போனது 1961-இல், அப்போது அது வாரம் 20 பவுண்டு. பதிவுப் பிடி தளர்ந்தது 1963-இல், ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் கோர்ட்டுக்குப் போன பிறகு.

பிப்ரவரி 15

அந்த முறையில்தான் புளூமரும் விற்கப்பட்டார். 1906 மார்ச், டெர்பிக்குப் பண நெருக்கடி, 750 பவுண்டு கொடுத்து மிடில்ஸ்பரோ எடுத்துக்கொண்டது. முந்தைய வருடம்தான் இதே மிடில்ஸ்பரோ சண்டர்லாந்திடம் இருந்து ஆல்ஃப் காமனை 1,000 பவுண்டுக்கு வாங்கியிருந்தது, உலகத்திலேயே ஆயிரம் பவுண்டுக்குக் கைமாறிய முதல் ஆள். தசைக்கும் ரத்தத்துக்கும் விலையா என்று பத்திரிகைகள் கொதித்தன. சட்டத்துக்கு மீறி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காக மிடில்ஸ்பரோ இயக்குநர்களைக் கால்பந்துச் சங்கம் தண்டிக்கவும் செய்தது. ஆக, 1,000 பவுண்டு ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்குக் கொடுத்தால் வியாபாரம், அதில் கொஞ்சத்தை ஆடுகிறவன் கையில் கொடுத்தால் குற்றம்.

புளூமரை விற்ற அடுத்த சீசனில் டெர்பி வரலாற்றில் முதல் முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. கோலுக்கு என்ன மதிப்பு என்று கேட்டவருக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

பிப்ரவரி 15, இரவு

"மிடில்ஸ்பரோவில் தேய்ந்துவிட்டார்தானே?" தேயவில்லை தம்பி. 130 ஆட்டம், 62 கோல், முப்பத்திரண்டு வயதுக்கு மேல். 1910-இல் டெர்பி அவரைத் திரும்பக் கூப்பிட்டது. வந்து இறங்கிய முதல் ஆட்டத்தில் லிங்கன் சிட்டிக்கு எதிராக இரண்டு கோல். 1911-12-இல் அவர் தலைமையில் டெர்பி இரண்டாம் டிவிஷனை ஜெயித்து மேலே ஏறியது, அப்போது வயது 38. டெர்பிக்காக மொத்தம் 525 ஆட்டம், 332 கோல். அந்தக் கிளப்பில் இரண்டாவது இடத்தில் இருக்கும் கெவின் ஹெக்டருக்கு 201. இடைவெளியைப் பாருங்கள்.

பிப்ரவரி 17

பேஸ்பால் கிரவுண்டு என்று டெர்பியின் பழைய மைதானத்துக்கு ஏன் பெயர் என்று ஒரு கேள்வி. இழை திசை மாறுகிறது, ஆனால் நல்ல கேள்வி. ஃபிரான்சிஸ் லே என்ற வார்ப்பட ஆலை முதலாளி அமெரிக்கா போய் பேஸ்பாலைப் பார்த்து மயங்கி, டெர்பியில் அதற்காக ஒரு மைதானமே போட்டார். 1890-இல் பிரிட்டனில் பேஸ்பால் லீக்கும் நடந்தது. பேஸ்பால் அங்கே வேர்பிடிக்காமல் போய்விட்டது, கால்பந்து 1895-இல் குடிவந்து நூறு வருடத்துக்கு மேல் இருந்தது, பெயர் மட்டும் மாறவே இல்லை. புளூமர் அந்த பேஸ்பாலையும் விடவில்லை. டெர்பி அணிக்கு இரண்டாவது பேஸில் நின்று 1890-களில் மூன்று தடவை பிரிட்டிஷ் சாம்பியன்.

அந்த பேஸ்பால் அணியிலும் கால்பந்து அணியிலும் கூட இருந்தவர் ஜான் குடால், தோல்வியே காணாமல் லீக்கையும் கோப்பையையும் ஜெயித்த 1888-89 பிரஸ்டன் அணியின் சென்டர் ஃபார்வர்டு. புளூமருக்கு குரு என்றே சொல்லலாம். பொறுமையும் இடம் பார்த்து நிற்பதும் அவரிடம் பிடித்ததுதான். நல்ல குரு கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இந்தப் பக்கத்தில் பலரும் அனுபவத்தில் அறிவீர்கள்.

பிப்ரவரி 18

இப்போது கோப்பை. முதல் கேள்வி கேட்டவர் இரண்டு முறை நினைவூட்டிவிட்டார்.

1898 இறுதி: நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 3, டெர்பி 1. டெர்பியின் ஒரே கோல் புளூமர். சில நாள் முன்புதான் லீக்கில் இதே ஃபாரஸ்டை டெர்பி 5-0 என்று அடித்திருந்தது, ஃபாரஸ்ட் முக்கியமான ஆட்களை உட்காரவைத்துவிட்டு வந்த ஆட்டம் அது, டெர்பி அதை நம்பி ஏமாந்தது. 1899 இறுதி: இடைவேளையில் டெர்பி 1-0 முன்னிலை, முடிவில் ஷெஃபீல்டு யுனைடெட் 4-1. கோல் வாயில் அதே ஃபோக். 1903 இறுதி: பரி என்ற கிளப் 6, டெர்பி 0, புளூமர் காயத்தால் ஆடவே இல்லை. இறுதி ஆட்டத்தில் அவ்வளவு பெரிய வித்தியாசம் மறுபடி வந்தது 2019-இல்தான்.

மூன்று இறுதியில் இரண்டில் ஆடினார், ஒன்றில் கோல் அடித்தார். 1899-இல் அவர் வாய்ப்புகளைத் தவறவிட்டார் என்பதை நான் மூடி மறைக்க மாட்டேன். அந்த நாள் அவர் நாள் இல்லை. ஆனால் பதினோரு பேர் விளையாட்டில் ஒரு இன்சைட் ரைட்டைப் பார்த்து "கோப்பை வாங்கித் தரவில்லை" என்பது எந்த ஊர் நியாயம்? எங்கள் ஊரில் தோற்றுவிட்டு வந்தால் முதல் திட்டு ஃபார்வர்டுக்குத்தான். நாலு கோல் வாங்கிய பேக்குகள் டீக்கடையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

பிப்ரவரி 19

"ரிட்டையர் ஆனதும் என்ன ஆனார்?" என்று கேட்ட தங்கச்சிக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் என் மனசு இங்கேதான் போய் நிற்கிறது.

ஓய்வு பெற்றவர்களுக்கு அன்று ஓய்வூதியம், டிவி வேலை என்று ஒன்றும் இல்லை. கோச் வேலைக்கு இங்கிலாந்தில் மரியாதை இல்லை, ஐரோப்பாவில்தான் கூப்பிட்டார்கள். 1914 ஜூலையில் பெர்லினில் பிரிட்டானியா கிளப்பின் கோச்சாகப் போய் இறங்கினார். மூன்று வாரத்தில் போர். நவம்பரில் ஜெர்மனியில் இருந்த பிரிட்டிஷ் ஆண்களை எல்லாம் பிடித்து, பெர்லினுக்கு மேற்கே ஸ்பாண்டாவுக்குப் பக்கத்தில் ரூலேபென் என்ற குதிரைப் பந்தயத் திடலில் அடைத்தார்கள். பத்தடிக்குப் பத்தடி லாயத்தில் ஆறு பேர், மேலே வைக்கோல் பரணில் இன்னும் கூட்டம். மொத்தம் நாலாயிரம் பேருக்கு மேல். கப்பல் மாலுமி, வியாபாரி, மாணவன், பாட்டு வாத்தியார் எல்லாம் ஒன்றாய். பின்னாளில் நியூட்ரானைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ஜேம்ஸ் சாட்விக்கும் அதே முகாமில்தான் இருந்தார்.

கால்பந்துக்காரர்கள் அங்கே எத்தனை பேர் என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். 1901-இல் டாட்டன்ஹாமை ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் இருந்து எஃப்.ஏ. கோப்பை ஜெயிக்கவைத்த ஜான் கேமரன், இங்கிலாந்துக்கு ஆடிய ஃபிரெட் பென்ட்லண்ட், சாம் வுல்ஸ்டன்ஹோம், அப்புறம் ஜான் பிரேர்லி. எல்லோரும் கோச் வேலைக்காக ஜெர்மனி போய் மாட்டியவர்கள். சும்மா இருப்பார்களா? 1915 வசந்தத்தில் திடலின் நடுப்பகுதி கிடைத்ததும் சங்கம் அமைத்து, பாராக் (தங்கும் கொட்டடி) வாரியாக அணி பிரித்து லீக் நடத்தினார்கள். மே 2-ஆம் தேதி இங்கிலாந்து அணிக்கும் உலக அணிக்கும் ஒரு ஆட்டம், இங்கிலாந்துப் பக்கம் புளூமர், உலக அணிக்குத் தலைவர் கேமரன். பெரிய ஆட்டங்களுக்கு ஆயிரம் பேருக்கு மேல் சுற்றி நின்று பார்த்தார்கள்.

நாற்பத்தொரு வயது மனிதர், வீடு டெர்பியில், குடும்பம் அங்கே, எப்போது விடுவார்கள் என்று தெரியாது. அங்கேயும் போய் அவர் செய்தது என்ன? பந்தை எடுத்தார். பக்கத்து லாயத்தில் இருந்த ஒரு குமாஸ்தாப் பையன், நேற்று வரை பத்திரிகையில் மட்டும் பார்த்த ஸ்டீவ் புளூமரிடம் இருந்து இன்று பாஸ் வாங்குகிறான். எத்தனையோ பேருக்கு அந்த மூன்றரை வருடத்தைத் தாங்க அது ஒரு பிடிமானம். அந்த கோல்கள் எந்த லீக் கணக்கிலும் சேராது. என் கணக்கில் சேரும்.

பிப்ரவரி 20

"எப்போது விட்டார்கள்?" 1918 மார்ச்சில். நேராக வீட்டுக்கு இல்லை, போர் முடியும் வரை நடுநிலை நாடான நெதர்லாந்தில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு. அங்கேயும் ஆம்ஸ்டர்டாமில் பிளாவ்-விட் கிளப்புக்குப் பயிற்சி கொடுத்தார்.

பென்ட்லண்ட் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அதே ஆள்தான். பவுலர் என்ற வட்டத் தொப்பியோடு அத்லெடிக் பில்பாவோவின் கோச்சாக இருந்து 1930, 1931 இரண்டு வருடமும் ஸ்பெயின் லீக்கை வாங்கியவர். அவருக்குத் தனி இழையே போடலாம், இங்கே வேண்டாம்.

பிப்ரவரி 22

முதல் வாசகர் திரும்ப வந்திருக்கிறார். ஆஃப்சைடு வாதத்தை ஏற்றுக்கொண்டார், டெர்பி இறங்கிய கதையையும் ஏற்றுக்கொண்டார். "ஆனாலும் ஒரு தேசியக் கோப்பை இல்லாத வாழ்க்கை என்பது மாறாதே அண்ணே" என்கிறார்.

மாறும். 1923-இல் ஸ்பெயினின் வடக்கு எல்லையில், பிரான்ஸை ஒட்டிய இருன் என்ற சின்ன ஊரின் ரியல் யூனியன் கிளப் புளூமரைக் கோச்சாக எடுத்தது. ஸ்பெயினில் அப்போது தேசிய லீக் இல்லை, அது 1929-இல்தான் வந்தது. மன்னர் கோப்பைதான் நாட்டின் சாம்பியனை முடிவுசெய்யும். 1924 போட்டியில் இருன் அரையிறுதியில் பார்சிலோனாவை வெளியேற்றியது. இறுதி ஆட்டம் சான் செபாஸ்டியனில், எதிரணி ரியல் மாட்ரிட். 1-0, இருன் ஜெயித்தது.

பார்சிலோனாவையும் மாட்ரிட்டையும் ஒரே போட்டியில் கவிழ்த்த எல்லை ஊர்க்காரர்கள், ஓரத்தில் ஐம்பது வயது புளூமர். ஆட்டக்காரராக இல்லை, கோச்சாகத்தான், அந்த வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் "ஒரு கோப்பைகூட" என்றுதானே முதலில் எழுதினீர்கள்? இதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.